ஐம்பதிலும் வளையும்

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்பது நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பழமொழி. நல்ல பழக்கங்கள் சிறு வயதிலேயே வர வேண்டும் என்பதற்காகச் சொல்லப்பட்டது அது. ஆனால் இப்போது எல்லாவற்றுக்கும் அதையே எடுத்துப் பொருத்துகிறோம். ஐம்பதில் நீந்தக் கற்கலாமா, வாகனம் ஓட்டப் பழகலாமா, சிங்களம் படிக்கலாமா என்று யார் கேட்டாலும் பழமொழி முன்னால் வந்து நிற்கும். பல்லுக்குக் கம்பி போடலாமா என்று கேட்டாலோ பழமொழியோடு ஒரு சிரிப்பும் சேர்ந்து வரும்.

மற்றவற்றை விட்டுவிட்டு, பல்லை மட்டும் எடுத்து இந்தப் பழமொழியைச் சோதித்துப் பார்க்க விரும்புகிறேன். நான் உயர்தரத்தில் உயிரியல் படிப்பவள். பல்லும் தாடையும் பாடப் புத்தகத்தில் எனக்கு வந்தவை. என் உம்மாவின் வாயிலும் வந்தவை.

கம்பி என்றதும் நமக்கு வரும் படம் ஒன்றுதான். வெள்ளைச் சீருடை, தோளில் புத்தகப்பை, பன்னிரண்டு முதல் பதினைந்து வயதுக்குள் ஒரு பிள்ளை. நம் வகுப்பறைகளிலேயே எண்ணிப் பாருங்கள் தோழியரே, வகுப்புக்கு இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள். மாலை நேரத்தில் வெள்ளவத்தைக் காலி வீதியில் உள்ள பல் வைத்திய நிலையங்களுக்குள் எட்டிப் பார்த்தாலும் அதே காட்சிதான். பிள்ளையும் உம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்திருப்பார்கள். இருவரில் யாருக்கு வைத்தியம் என்று யாரும் கேட்பதில்லை. அது எல்லோருக்கும் தெரிந்த விடயமாக இருக்கிறது.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? தேடிப் பார்த்தபோது மூன்று காரணங்கள் கிடைத்தன.

முதலாவது, நம் நாட்டுப் பற்சுகாதார சேவை வளர்ந்த விதம். நியூசிலாந்து 1921இல் பாடசாலைப் பிள்ளைகளின் பற்களைப் பராமரிப்பதற்கென்றே பெண்களைப் பயிற்றுவிக்கத் தொடங்கியது. பல நாடுகள் அதைப் பின்பற்றின. 1950 ஜனவரியில் நம் கொழும்பில் கூடிய பொதுநலவாய நாடுகளின் மாநாட்டிலிருந்து கொழும்புத் திட்டம் பிறந்தது. அத்திட்டத்தின் கீழ் நியூசிலாந்தின் உதவியோடு 1950களில் மஹரகமவிலும் அதே பயிற்சி ஆரம்பமானது. இன்று பல பாடசாலைகளில் காணப்படும் பற்சிகிச்சை நிலையங்கள் அந்த முயற்சியின் பலன். நம் தாய்மாரில் பலர் முதன்முதலில் பல்லைக் காட்டியது அங்கேதான். பாடசாலையை விட்டு விலகியதோடு பல் வைத்தியமும் அவர்களை விட்டு விலகிவிட்டது. அதன்பின் பல் வலித்தால் மட்டும் போவார்கள், பிடுங்கிவிட்டு வருவார்கள்.

பற்களை ஒழுங்குபடுத்துவதற்கென்று விசேட பயிற்சி பெற்ற நிபுணர்கள் இந்நாட்டில் எப்போதும் குறைவு. நீண்ட காலம் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மட்டுமே பல் மருத்துவ பீடம் இருந்தது. கொழும்பு வாட் பிளேஸில் உள்ள தேசிய பல் வைத்தியசாலை போன்ற இடங்களுக்கு நாட்டின் பல பாகங்களிலிருந்தும் நோயாளர் வருகிறார்கள். இலவச சேவைக்குக் காத்திருப்போர் அதிகம். வரிசை நீளும்போது வளரும் பிள்ளைகளை முன்னுக்கு எடுப்பது நியாயமானதே. ஆனால் வரிசையில் பின்னுக்கு நிற்பவரைப் பார்த்து, "உங்களுக்கு இது தேவையில்லை" என்று ஊர் சொல்லிவிடுகிறது. அதுதான் பிழை. பின்னுக்கு நிற்பதும் வரிசையிலேயே இல்லாமல் போவதும் ஒன்றல்ல.

இரண்டாவது காரணம், கம்பியின் பழைய தோற்றம். பற்களை வரிசைப்படுத்த மனிதர் நெடுங்காலமாக முயன்றிருக்கிறார்கள். பிரான்ஸ் நாட்டுப் பல் வைத்தியர் பியர் ஃபோஷார் 1728இல் வெளியிட்ட நூலில், குதிரை இலாட வடிவிலான உலோகப் பட்டையைப் பற்களோடு நூலால் கட்டி இழுக்கும் முறையை விளக்கினார். அமெரிக்கரான எட்வேர்ட் ஏங்கல் (1855–1930) இத்துறையைத் தனி மருத்துவப் பிரிவாக வளர்த்தவர். மேல் கடைவாய்ப் பல்லும் கீழ்க் கடைவாய்ப் பல்லும் பொருந்தும் விதத்தைக் கொண்டு 1899இல் அவர் வகுத்த மூன்று வகைகளை இன்றும் வைத்தியர்கள் பயன்படுத்துகிறார்கள்.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு பல்லையும் சுற்றி மோதிரம் போல ஓர் உலோக வளையம் மாட்ட வேண்டும். சிரித்தால் பல் தெரியாது, உலோகம்தான் தெரியும். வேலைக்குப் போகும் ஒருவர், நாலு பேர் முன் பேசும் ஒருவர், இரண்டு வருடம் அப்படி நடமாட விரும்புவாரா? அதனால் அது பிள்ளைகளின் வைத்தியமாகவே நின்றது. 1955இல் மைக்கல் புவனகோர் என்னும் அமெரிக்கர், பல்லின் மேற்பரப்பான மிளிரியை அமிலத்தால் சற்றுச் சொரசொரப்பாக்கினால் பிசின் அதில் உறுதியாக ஒட்டும் என்று காட்டினார். அதன் பயனாக, பின்னர் பல்லைச் சுற்றிய வளையம் போய், முன்பக்கத்தில் ஒட்டும் சிறு துண்டு வந்தது. அதைத்தான் நாம் பிரக்கெட் என்கிறோம். 1970களில் நிக்கலும் டைட்டேனியமும் கலந்த, வளைத்தாலும் பழைய வடிவுக்கே மீளும் மென்மையான கம்பி வந்தது. பிறகு பல்லின் நிறத்திலேயே செரமிக் பிரக்கெட்டுகள் வந்தன. 1990களின் இறுதியில், கழற்றி மாட்டக்கூடிய, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறைகளும் வந்தன. கருவி மாறி இத்தனை காலமாகிவிட்டது. நம் மனதிலுள்ள படம் மட்டும் மாறவில்லை.

மூன்றாவது காரணத்தைச் சொல்லக் கொஞ்சம் தயக்கம்தான். ஆனாலும் சொல்ல வேண்டும். நம் சமூகத்தில் பெண் பிள்ளையின் பல்லை ஒழுங்காக்குவது பல வீடுகளில் கலியாணத்துக்கான ஆயத்தங்களில் ஒன்று. "பேசி வரும்போது பல் பார்ப்பாங்க" என்று வெளிப்படையாகவே சொல்கிறார்கள். அப்படியானால் கலியாணம் முடிந்த பெண்ணுக்குப் பல் எதற்கு? இந்தக் கேள்வியை யாரும் இப்படிக் கேட்பதில்லை. "இனி யாருக்குக் காட்டப் போறீங்க?" என்று கேட்கிறார்கள். இரண்டும் ஒரே கேள்விதான். பல் பிறருக்குக் காட்டுவதற்காக உள்ளது என்று முதலிலேயே முடிவுகட்டிவிட்டால், காட்ட வேண்டிய காலம் முடிந்ததும் பல்லின் காலமும் முடிந்துவிடுகிறது. மெல்லுவதும், பேசுவதும், சுத்தம் செய்வதும், வலியில்லாமல் தூங்குவதும் அந்தக் கணக்கில் வருவதே இல்லை.

இனி விஞ்ஞானத்துக்கு வருவோம். ஐம்பதில் பல் வளையுமா?

பல் என்பது சுவரில் அறைந்த ஆணி போல என்றுதான் பலர் நினைக்கிறார்கள். சுவர் காய்ந்துவிட்டால் ஆணியை நகர்த்த முடியாதல்லவா? உண்மையில் பல்லின் வேருக்கும் தாடை என்புக்கும் இடையில் மெல்லிய நார் இழையம் ஒன்று இருக்கிறது. அதன் தடிப்பு ஏறத்தாழ கால் மில்லிமீற்றர்தான். பல் அந்த இழையத்தில் ஓர் ஊஞ்சல் போலத் தொங்கிக்கொண்டிருக்கிறது. கம்பி பல்லை மெதுவாக ஒரு பக்கம் தள்ளும்போது, முன்பக்க இழையம் நசிகிறது, பின்பக்க இழையம் இழுபடுகிறது. நசியும் பக்கத்தில் ஒஸ்டியோகிளாஸ்ட் எனப்படும் கலங்கள் கூடி என்பைக் கரைக்கின்றன. இழுபடும் பக்கத்தில் ஒஸ்டியோபிளாஸ்ட் எனப்படும் கலங்கள் கூடிப் புதிய என்பைக் கட்டுகின்றன. முன்னால் உடைத்து, பின்னால் கட்டி, பல் தன் வீட்டோடு சேர்ந்தே நகர்கிறது. சுவீடனைச் சேர்ந்த கார்ல் சாண்ட்ஸ்டெட் 1904 அளவில் இதை நுணுக்குக்காட்டியின் கீழ் பரிசோதித்து விவரித்தார். வேகம் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர். அதனால்தான் ஒன்றரை வருடம், இரண்டு வருடம் என்று சொல்கிறார்கள். வேகமாகத் தள்ளினால் வேருக்குச் சேதம் வரும்.

இப்போது முக்கியமான கேள்வி. இந்தக் கலங்கள் பதினெட்டு வயதில் ஓய்வு பெற்றுவிடுகின்றனவா? இல்லை. நம் உடலிலுள்ள என்பு உயிருள்ள பொருள். அது வாழ்நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து புதுப்பிக்கப்படுகிறது. எழுபது வயதில் ஒருவர் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தால், வைத்தியர் மாவுக்கட்டுப் போட்டு அனுப்புகிறார். சில வாரங்களில் பொருந்திவிடுகிறது. பொருந்தவைப்பது மாவுக்கட்டு அல்ல, என்பைக் கட்டும் அந்தக் கலங்கள்தாம். எழுபதில் கை என்பு பொருந்தும் என்று நம்புகிறோம். நாற்பதில் தாடை என்பு அசையும் என்பதை மட்டும் ஏன் நம்ப மறுக்கிறோம்?

இன்னொன்றும் உண்டு. நாம் தொடாவிட்டாலும் பற்கள் வயதோடு நகர்ந்துகொண்டேதான் இருக்கின்றன. கீழ் வரிசை முன்பற்கள் வயது போகப் போக நெருங்கி ஒன்றன்மேல் ஒன்று ஏறுவது மிகச் சாதாரணம். ஞானப்பல் தள்ளுவதால்தான் என்று பலரும் சொல்வார்கள், ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டு இடைவெளியை அப்படியே விட்டால், பக்கத்துப் பல் அதற்குள் சாயும். முரசு நோயால் என்பு குறைந்தால் முன்பற்கள் விரிந்து இடைவெளி விழும். ஐம்பதில் வளையாது என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது தன்பாட்டில் வளைந்துகொண்டிருக்கிறது. நல்ல பக்கம் வளைக்கலாமா என்பதே கேள்வி.

அப்படியானால் வயதால் எந்த வித்தியாசமும் இல்லையா? இருக்கிறது, அதை மறைப்பது நேர்மையாகாது. சிறு வயதில் தாடை வளர்கிறது. அந்த வளர்ச்சியைப் பயன்படுத்தி மேல் தாடையை அகலமாக்கலாம், பின்தங்கிய கீழ்த் தாடையை முன்னுக்குக் கொண்டுவர உதவலாம். மேல் அண்ணத்தின் நடுவிலுள்ள என்புப் பொருத்து பதின்ம வயதின் பிற்பகுதியில் இறுகத் தொடங்குகிறது. அதன்பின் பல்லை நகர்த்தலாம், தாடையை அவ்வளவு இலகுவில் மாற்ற முடியாது. தாடையே பெரிதும் பொருந்தாதவர்களுக்குக் கம்பியோடு சத்திரசிகிச்சையும் தேவைப்படலாம். ஆகவே, "சிறு வயதில் போடுவது நல்லது" என்பது உண்மை. "வயது போனால் போடவே முடியாது" என்பது அந்த உண்மையிலிருந்து யாரோ இழுத்துக் கட்டிய பொய்.

வளர்ந்தவர்கள் கவனிக்க வேண்டியவை வேறு. முதலில் முரசு. முரசில் நோயிருக்கும்போது பல்லைத் தள்ளினால் பிடிமானம் இன்னும் குறையும். எனவே ஸ்கேலிங் செய்து, முரசு ஆரோக்கியமான பின்பே தொடங்க வேண்டும். கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவு முரசைக் கெடுக்கும், ஆகவே சீனி அளவைப் பார்க்க வேண்டும். என்புத் தேய்வுக்காக எடுக்கும் சில மருந்துகள் பல் அசைவதைத் தாமதப்படுத்தும், அவற்றைப் பற்றி வைத்தியரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். வெற்றிலை போடும் பழக்கமும் புகைத்தலும் இருந்தால் நிறுத்த வேண்டும். வாய்ப் புற்றுநோய் இலங்கை ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் என்பதால், அதைக் கம்பிக்காக மட்டும் சொல்லவில்லை.

இவ்வளவையும் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் என் உம்மா. அவருக்கு வயது நாற்பத்து நான்கு. முன்பள்ளி ஆசிரியை. மேல் வரிசையில் ஒரு வேட்டைப்பல் வெளியே ஏறி நிற்கும். கீழ் வரிசை முன்பற்கள் நெருங்கி, இடையில் தூரிகை போகாது. அங்கே அழுக்குப் படிந்து முரசில் இரத்தம் வரும். அதே பல் வரிசை அப்படியே என் தம்பிக்கும் வாய்த்தது. அவனுக்குப் பதின்மூன்று வயதில் கம்பி போட்டபோது எங்கள் குடும்பத்தில் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. சீட்டுக் காசு எடுத்துக் கட்டினார்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து உம்மும்மா வந்து, "மாஷா அல்லாஹ், பல் வடிவாகும்" என்று தடவிக் கொடுத்தார். பிள்ளை யாரிடமிருந்து அந்தப் பல்லைப் பெற்றானோ, அவர் பக்கத்தில் நின்று காசை எண்ணிக்கொண்டிருந்தார்.

தம்பியைக் கூட்டிப் போய்க் கூட்டிப் போய் உம்மாவுக்கும் ஆசை வந்தது. சாதாரண வைத்தியர் ஒருவரிடம் கேட்டபோது, அவர் வாயைத் திறக்கச் சொல்லாமலே, "இந்த வயசுல தேவையா?" என்று சிரித்திருக்கிறார். உம்மா திரும்பி வந்து ஒரு வருடம் அதைப் பற்றிப் பேசவில்லை. பிறகு ஒருநாள் பாணைக் கடிக்கும்போது வேட்டைப்பல் உதட்டைக் கிழித்தது. வாப்பாதான், "நிபுணர் ஒருத்தர்கிட்டயே காட்டிப் பார்ப்போமே" என்றார். அந்த நிபுணர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு வயதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. முரசைப் பற்றித்தான் சொன்னார். முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும், நாலைந்து மாதம் பொறுக்க வேண்டும் என்றார். உம்மா பொறுத்தார்.

கம்பி போட்ட பிறகுதான் ஊர் பேசத் தொடங்கியது. மாமி ஒருவர், "மகளுக்குச் சம்பந்தம் பேசுற வயசுல உம்மாவுக்குக் கம்பியா?" என்றார். பக்கத்து வீட்டவர் அந்தப் பழைய கேள்வியைக் கேட்டார், யாருக்குக் காட்ட என்று. உம்மும்மாவோ, "எனக்குப் பல்லே இல்ல, நான் சிரிக்காமலா ஈக்கிறன்?" என்று கேட்டுவிட்டு முதல் ஆளாகச் சிரித்தார். முன்பள்ளிப் பிள்ளைகளின் கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. "டீச்சர், நீங்களும் பெரிய ஸ்கூலுக்குப் போறீங்களா?" அவர்களுக்குத் தெரிந்த கம்பியெல்லாம் ராத்தாமாரின் வாயில் பார்த்தது. சின்னப் பிள்ளைகள் கேட்பதும் பெரியவர்கள் கேட்பதும் ஒன்றுதான். பிள்ளைகள் பதிலைக் கேட்டுவிட்டு ஏற்றுக்கொண்டார்கள் என்பது மட்டுமே வித்தியாசம்.

உம்மாவுக்கு இப்போது ஏழு மாதமாகிறது. கம்பியை இறுக்கிய முதல் மூன்று நாள் கஷ்டம்தான். பாணைத் தேநீரில் நனைத்துச் சாப்பிடுவார். இறைச்சியை நுணுக்கமாக வெட்ட வேண்டும். சமூசாவின் ஓரமும் முறுக்கும் தடை. வட்டிலப்பத்துக்குத் தடையில்லை என்பதில் அவருக்கு மிகுந்த சந்தோஷம். நோன்புக்கு முன்பே வைத்தியரிடம் நாள் கேட்டு இறுக்கிக்கொண்டார், ஸஹருக்கு வலியோடு எழும்பக் கூடாது என்பதற்காக. கம்பி உரசி வாய்க்குள் புண் வரும் இடத்தில் மெழுகு வைப்பார். பல் துலக்க முன்பு இரண்டு நிமிடம் எடுத்தவர் இப்போது பத்து நிமிடம் எடுக்கிறார். முரசில் இரத்தம் வருவது நின்றுவிட்டது. சிரிக்கும்போது கை மட்டும் இன்னும் வாய்க்குப் போகிறது. அது முப்பது வருடப் பழக்கம், கம்பியால் அதை இழுக்க முடியாது.

நம் வீடுகளில் இன்னொரு கேள்வியும் எழும். அல்லாஹ் படைத்ததை மாற்றலாமா? அழகுக்காகப் பற்களுக்கிடையில் இடைவெளி உண்டாக்கிக்கொள்ளும் பெண்களைக் கண்டிக்கும் ஹதீஸ் எல்லோருக்கும் தெரியும். அதேவேளை, போரில் மூக்கை இழந்த அர்பஜா (ரழி) அவர்களுக்குத் தங்கத்தால் மூக்கு வைத்துக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் அனுமதித்த செய்தியும் ஹதீஸ் நூல்களில் இருக்கிறது. குறையை நீக்குவதும், குறையில்லாததை அலங்காரத்துக்காக மாற்றுவதும் வேறு வேறு என்று உலமாக்கள் பிரித்து விளக்குகிறார்கள். உங்கள் விடயம் எதில் அடங்கும் என்பதை வைத்தியரிடமும் அறிந்த ஓர் ஆலிமிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். நான் கவனித்தது ஒன்றுதான். அந்தச் செய்தியில் வருபவர் சிறு பிள்ளை அல்லர், போர்க்களம் கண்ட வளர்ந்த மனிதர். பிரித்துப் பார்க்கும் அளவுகோல் தேவை, வயது அல்ல. பதின்மூன்று வயதுக்கு ஆகுமானது நாற்பத்து நான்கில் மட்டும் கேள்விக்குள்ளாவது மார்க்கத்திலிருந்து வந்ததல்ல, நம் பழக்கத்திலிருந்து வந்தது.

கம்பியைப் பற்றிய எண்ணம் இடத்துக்கு இடம் மாறுவதையும் பாருங்கள். தாய்லாந்தில் ஒரு காலத்தில் கம்பி வசதியின் அடையாளமாக இருந்தது. பல்லில் குறையே இல்லாத இளைஞர்கள் கடைத்தெருவில் போலிக் கம்பி வாங்கி மாட்டிக்கொண்டார்கள். அது ஆபத்தாக முடிந்ததால் அரசு தலையிட்டுத் தடை செய்ய வேண்டி வந்தது. அமெரிக்காவிலோ நடிகர் டொம் குரூஸ் 2002இல், நாற்பது வயதை ஒட்டிய காலத்தில், கம்பியோடு பகிரங்கமாகத் தோன்றினார். ஓரிடத்தில் பெருமை, ஓரிடத்தில் சாதாரணம், ஓரிடத்தில் வெட்கம். எல்லா இடத்திலும் என்பு ஒரே மாதிரித்தான் வேலை செய்கிறது.

போட நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். இலங்கை மருத்துவ சபையில் பதிவுபெற்ற பல் வைத்தியரிடம் மட்டும் போங்கள். முடிந்தால் பற்சீரமைப்பில் விசேட நிபுணரிடம் போங்கள். அழகு நிலையத்திலும் இணைய விளம்பரத்திலும் வாங்கி நீங்களாகவே மாட்டிக்கொள்ள வேண்டாம். தனியார் நிலையத்தில் செலவு இலட்சத்தைத் தாண்டும், ஆனால் பெரும்பாலும் தவணையாகக் கட்டலாம், முதல் நாளே முழுக் கணக்கையும் கேட்டுக்கொள்ளுங்கள். அரச வைத்தியசாலைப் பட்டியலில் பெயரைப் பதிந்து வைப்பதில் நட்டமில்லை. கம்பியைக் கழற்றிய பிறகு ரிட்டெய்னர் எனப்படும் தாங்கியைப் போட வேண்டும். பல் பழைய இடத்தை மறப்பதில்லை, விட்டால் திரும்பிப் போகும். இது பெரியவர்களுக்கு மட்டுமல்ல, நம் வகுப்பில் தாங்கியை மேசை இலாச்சியில் போட்டு வைத்திருக்கும் தோழியருக்கும் சேர்த்துத்தான்.

கடைசியாக ஒன்று. நம் தாய்மார், "எனக்கு இனி எதுக்கு?" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். நான் கொஞ்ச நாளாக அந்த வசனத்தைக் கவனித்துக் கேட்கிறேன். பெரும்பாலும் அது வயதைப் பற்றிய வசனமே அல்ல. காசைப் பற்றியது. வகுப்புக் கட்டணம், தம்பியின் சப்பாத்து, வாடகை, உம்மும்மாவின் மருந்து, இவற்றுக்குப் பிறகு மிஞ்சுவது என்ன என்று மனதுக்குள் கணக்குப் பார்த்து, மிஞ்சாது என்று தெரிந்து, அதை வயது என்று சொல்கிறார்கள். வயது என்று சொன்னால் யாரும் வருந்த வேண்டியதில்லை. நாமும் அதை நம்பி, பழமொழி ஒன்றையும் சேர்த்து, கதையை முடித்துவிடுகிறோம். காசில்லை என்பது உண்மையான காரணம், அதற்கு மரியாதை உண்டு. அதற்கு வழியும் தேடலாம், ஒரு சீட்டு, ஒரு தவணை, ஒரு வருடப் பொறுமை. வயது என்று சொல்லிவிட்டால் தேடுவதற்கு ஒன்றும் இல்லாமல் போகிறது.

ஐந்தில் வளைத்தால் இலகு, ஐம்பதில் வளைக்க நேரமும் கவனமும் கூட வேண்டும். பல்லைப் பொறுத்தவரை பழமொழிக்கு இவ்வளவுதான் பொருள். அடுத்த முறை உங்களைப் பல் வைத்தியரிடம் கூட்டிப் போகும் உம்மா, வழமை போல உங்களுக்கு மட்டும் இலக்கம் எடுக்கப் போவார். நீங்கள் முந்திக்கொண்டு இரண்டு இலக்கம் எடுங்கள்.